மணலோடு வந்த கடதாசி

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் மகளுக்கென்று இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் ஒரு குளியலறையும் கட்டினோம். பத்து மாதம் பிடித்தது. மணல், சல்லி, கிறவல் எல்லாம் சேர்த்துப் பதினான்கு லோட். அதில் ஒரு லோட் ஓரிடத்தில் வாங்கினது, மிச்சம் பதின்மூன்றும் இன்னோரிடத்தில். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் சீமெந்துக்கும் கம்பிக்கும் தரை மாபிளுக்கும் நாலு கடை ஏறி இறங்குவார்கள். மணலுக்கு மட்டும் மேசன் சொன்ன நம்பருக்கு ஒரு கோல் எடுத்துவிட்டு இருந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இரண்டு இடத்தின் பெயரையும் எழுதவில்லை. முதலாவது ஆளோடு எனக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய எண்ணமில்லை. இரண்டாமவர் தன் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மணலும் சல்லியும் விற்கிற நல்ல முற்றம் எது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் உங்கள் பக்கத்திலும் ஓர் ஆளை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

முதல் லோட் இரவு பதினொன்றரைக்கு வந்தது. ஒழுங்கைக்குள் திரும்பும்போதே டிப்பரின் லைற்றை நிற்பாட்டிவிட்டார்கள். நாயெல்லாம் குலைக்கத் தொடங்கி, அயலில் இரண்டு வீட்டில் விளக்குப் போட்டார்கள். சாரதிக்கு இருபது வயதுகூட இராது. “அக்கா, காசைத் தாங்கோ, கெதியாப் போகோணும்.” பில் கேட்டேன். “பில் நாளைக்கு முதலாளி தருவார்.” அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை.

விடிய மேசன் அண்ணை குவியலைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, “ரீச்சர், இது மூண்டு கியூப் இல்லை” என்றார். பலகை அடித்துப் பெட்டி செய்து அளந்தோம். இரண்டரை. பிறகு அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். நானும் வைத்துப் பார்த்தேன். கரித்தது. மா மாதிரி மென்மையான மணல், ஒரே அளவுப் பரல், இடையிடையே சிப்பித் துகள். இருபத்தேழு வருசம் புவியியல் படிப்பித்த எனக்கு அது எப்படியான இடத்து மணல் என்று சொல்லித்தர ஆள் தேவையில்லை. அது ஆற்று மணல் இல்லை. கடலும் காற்றும் சேர்த்துக் குவித்த மணல். காசு கொடுத்தாயிற்று, வேலையும் நிற்கக்கூடாது என்று குளியலறைப் பூச்சுக்குப் போட்டோம். கார்த்திகை மழை தொடங்கிப் பத்து நாளுக்குள் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரிப் பொரிந்து எழும்பியது. முழுவதையும் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசினோம். ஆள்கூலி இரண்டு தரம், சீமெந்து இரண்டு தரம். கொங்கிறீற்றுக்குப் போட்டிருந்தால் உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றிருக்கும். அந்த மட்டில் தப்பினோம்.

ஆனால் என்னை நித்திரை கொள்ளவிடாதது செலவு அல்ல. வடமராட்சி கிழக்கில், வல்லிபுர ஆழ்வார் கோயிலடி தொடங்கி மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று போகும் மணற்குன்றுகளுக்கு ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டி, “இந்தக் குன்றுதான் கடலுக்கும் ஊருக்கும் நடுவில இருக்கிற மதில்” என்று சொல்லிக்கொடுத்தவள். 2004 மார்கழி 26 இல் அந்தக் கரையில் கடல் ஏறினது. குன்றை அள்ளி எடுத்த இடத்தால் கடல் சுகமாக உள்ளே வரும். அதை வகுப்பில் சொன்ன நானே இராவிராவாக வந்த ஒரு லோடைக் கேள்வி கேளாமல் வாங்கிக் கொட்டுவித்தேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இனி இரண்டாவது முற்றம்.

பருத்தித்துறை வீதியால் போய் உள்ளே கொஞ்சத் தூரம். முன்னுக்குப் பெரிய பெயர்ப்பலகை ஒன்றுமில்லை. ஒரு பனையோலைக் கொட்டில், மேசை, கதிரை, சுவரில் இரண்டு சட்டகம்: பிரதேச சபையின் வியாபார உரிமம் ஒன்று, கனியப் பொருள் விற்பதற்கான உரிமம் மற்றது. ஆற்று மணல் தறப்பாளால் மூடிக் கிடந்தது. முக்கால் இஞ்சிச் சல்லி, அரை இஞ்சிச் சல்லி, கல்தூள், கிறவல் எல்லாம் தனித்தனியே, ஒன்றோடொன்று கலவாமல். முதலாளி அறுபது தாண்டியவர். நான் விலை கேட்க முதலே ஒரு கடதாசியை எடுத்து முன்னால் வைத்தார்.

“ரீச்சர், முதல் இதைப் பாருங்கோ. பிறகு மணலைப் பாருங்கோ.”

அன்று காலை அவருக்கு வந்த லோட்டின் பெமிற், மணலை ஏற்றி வருவதற்கான அனுமதிப்பத்திரம் அது. உரிமத்தின் இலக்கம், எங்கே அள்ளினது, எவ்வளவு கியூப், எந்த வாகனம், எங்கிருந்து எங்கே போகிறது, எந்தத் திகதி, எத்தனை மணிவரை செல்லும், எல்லாம் அதில் இருந்தது. கிளிநொச்சிப் பக்கத்தில் உரிமம் எடுத்த இடத்திலிருந்து வந்த மணல். பெமிற்றில் இருந்த வாகன இலக்கத்தையும் முற்றத்தில் நின்ற டிப்பரின் இலக்கத்தையும் என்னைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்க்க வைத்தார். “வாகன நம்பர் மாறினா அந்தக் கடதாசிக்கு விலை இல்லை ரீச்சர். ஒரு பெமிற்றை வைச்சுக்கொண்டு நாலு லோட் ஓடுற ஆக்களும் இருக்கினம். திகதியையும் நேரத்தையும் பாத்தாப் பிடிபடும்.”

விலை மற்ற ஆளைவிடக் கியூபுக்கு 2,500 ரூபா கூட. ஏன் என்று கேட்டேன். ஒளிக்காமல் கணக்குச் சொன்னார்: அள்ளுகிற இடத்து உரிமக் கட்டணம், அரசுக்குப் போகிற உரிமைத்தொகை, பெமிற் காசு, பகலில் மட்டும் ஓடுவதால் ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம் குறைகிறது. இரவில் கடதாசி இல்லாமல் வருகிறவருக்கு இதெல்லாம் மிச்சம். அந்த மிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் எனக்கு விலைக்குறைப்பாகத் தந்திருக்கிறார். அரைக் கியூப் குறைத்தும் கொட்டியிருக்கிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மலிவு ஒன்றும் இல்லை.

அளவில் இவர் நடந்துகொண்ட விதம் பிடித்திருந்தது. கொட்ட முதல் மேசன் அண்ணையை டிப்பரின் பெட்டிக்குள் ஏற்றி, நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளக்கச் சொன்னார். பெருக்கி நூறால் பிரித்தால் கியூப். நூறு கன அடிதான் ஒரு கியூப். ஈர மணல் பொருமி நிற்கும், கால்பங்குவரை கூடக் காட்டும் என்று தானே சொல்லி, நனைந்த லோட் வந்த நாளில் அதற்குக் கழித்துக் கணக்கெடுத்தார். வாங்குகிறவருக்குத் தெரியாத ஒன்றை விற்கிறவரே சொல்லித் தருவதை நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

மணலின் தரத்துக்கு வீட்டிலேயே சோதனை செய்தேன். ஹோர்லிக்ஸ் போத்தலில் அரைவாசி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி ஒரு இரவு வைத்தால் மணல் அடியில் படியும், சேறு மேலே ஒரு படையாக நிற்கும். இவர் தந்த ஏழு லோட் மணலில் ஆறிலே சேறு மெல்லிய கோடு. ஒன்றில் ஒரு விரல் தடிப்புக்கு இருந்தது. போனில் சொன்னேன். அடுத்த நாள் வந்து பார்த்துவிட்டு, “இது பூச்சுக்கு வேண்டாம், அத்திவாரத்துக்குப் போடுங்கோ” என்று பூச்சுக்கு வேறு மணல் அனுப்பி, விலை வித்தியாசமும் எடுக்கவில்லை. அரித்துப் பூசின சுவர் இரண்டாவது மாரியையும் கண்டுவிட்டது. உப்பு இல்லை.

கருங்கல் சல்லி வவுனியாவிலிருந்து வருகிறது. வந்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் கருங்கல் இல்லை. நாங்கள் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல். வன்னிக்குப் போனால்தான் அந்தப் பழைய கடினப் பாறை தலைகாட்டும். சிலர் உள்ளூர் வெள்ளைக்கல்லை உடைத்துச் சல்லியென்று மலிவாகத் தருகிறார்கள். மேசன் அண்ணை அதைக் கொங்கிறீற்றுத் தட்டுக்குக் கிட்டவும் எடுக்கவில்லை. இந்த முற்றத்தில் அதை விற்பதேயில்லை. ஏனென்று கேட்டபோது முதலாளி தன் கிணற்றைக் காட்டினார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் முழுச் சீவியமும் இதில்தான் இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஊறி நிற்கும் மழைத்தண்ணீர். அந்த நன்னீர் கீழே இருக்கிற உப்புத்தண்ணீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது புவியியல் கணக்கு. அதையே திருப்பிச் சொன்னால், மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். நிலாவரைக் கிணறு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு, அங்கே நேரிலே பார்க்கலாம். சுண்ணக்கல்லைத் தோண்டிக் குழியாக்கினால் வடிகட்டி நிற்கிற கல்லும் போகும், தண்ணீர் வெயிலில் ஆவியாகவும் போகும், போட்ட குப்பையெல்லாம் நேரே கிணற்றுக்கும் வரும். எங்களுக்குக் கல் என்பது தண்ணீர்த்தொட்டி. அதை விற்கலாமா?

காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போரோடு நின்றுபோனது. அந்தச் சீமெந்தால் நாடு முழுவதும் கட்டடம் எழும்பியது, எங்கள் ஊரவர் எத்தனையோ பேர் அங்கே வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். என் பெரியப்பாவும் அங்கேதான். அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கல் எடுத்த குழிகள் அப்படியே கிடக்கின்றன. ஊர் திரும்பினவர்களுக்குக் காணி கிடைத்தது, காணிக்குப் பக்கத்தில் பள்ளமும் கிடைத்தது. எடுத்த குழியை யார் மூடுவது என்ற கேள்விக்கு எடுக்க முதலே மறுமொழி எழுதி வாங்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அந்த மறுமொழியை எழுதி வாங்குகிற சட்டம் இருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருள்கள் சட்டம். நிலத்துக்குக் கீழே உள்ள கனியம் அரசுக்குரியது, உங்கள் சொந்தக் காணியென்றாலும் விற்பதற்குக் கல் உடைக்கவோ மணல் அள்ளவோ உரிமம் வேண்டும். அதைப் பார்ப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம். பெரிய இயந்திரமும் வெடியும் வைத்து உடைக்கிற இடத்துக்கு ஒரு வகை உரிமம், கையால் எடுக்கிறவருக்கு இன்னொரு வகை, ஏற்றிப் பறிக்க ஒன்று, விற்க ஒன்று. சூழல் அதிகாரசபையும் பிரதேச செயலகமும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். கேட்டால் இவ்வளவு கடதாசியா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என் கையில் வந்த பெமிற் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதைப் பிடித்து இழுத்தால் மணல் எடுத்த இடம்வரை போகலாம். கடதாசி இல்லாத லோட்டுக்கு அந்தக் கயிறே இல்லை. 2019 மார்கழியில் மணலுக்கு இந்தப் போக்குவரத்துப் பெமிற் தேவையில்லை என்று அமைச்சரவை எடுத்துவிட்டது, பிறகு திரும்பவும் வந்தது. அந்த இடைக்காலத்தைப் பற்றி முற்றத்து ஐயா சொன்னது: “சுகமாத்தான் இருந்தது ரீச்சர். ஆனா எனக்கும் கள்ளமா ஏத்துறவனுக்கும் வித்தியாசம் இல்லாமப் போச்சு.”

இந்தப் பணியகத்தின் வேரில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1903 இல் இலங்கையில் கனிய அளவை தொடங்கியபோது அதன் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. கலை பற்றி எழுதியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் முதலில் கல்லைப் படித்தவர், பிறகு தோரியனைற் என்று பெயர் பெற்ற கனியத்தை 1904 இல் முதலில் விவரித்தவர். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வாங்கில் இருக்கிற பெடியளும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்லைத் தேடிப் போவது எங்களுக்குப் புதுத் தொழில் அல்ல.

ஆகவே கனியம் தேடுவதை எதிர்க்கிற ஆளாக என்னை எண்ண வேண்டாம். அம்பன், வல்லிபுரப் பக்கத்தில் கண்ணாடிக்கு உதவும் சிலிக்கா மணல் இருக்கிறது. புல்மோட்டையில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் என்ற கனிய மணல்களை எடுக்க 1957 இலேயே கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று அளந்து வைத்தால்தான் எதைத் தொடக்கூடாது என்றும் தெரியும். தேட ஓர் உரிமம், தோண்ட வேறோர் உரிமம். முதலாவது கிடைத்தவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடாது. இந்த வித்தியாசத்தை ஊரவருக்கு ஊர்ப் பாசையில் சொல்லவேண்டும். மன்னார்த் தீவில் இல்மனைற் தேடித் துளை போட்டபோது சனம் எதிர்த்து நின்றது, அது ஞாயமான பயம். தீவு தாழ்ந்தது, தண்ணீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. தேடுகிறவர் கண்டதை அந்தக் காணிக்காரருக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் என் நிலை. பணியகம் கல், மணல் மாதிரிகளை ஆய்வுகூடத்தில் சோதித்தும் தருகிறது. முற்றத்து ஐயா தன் தம்பியின் வன்னிக் காணியில் இருக்கிற பாறைக்கு அப்படி முறையாகப் பார்ப்பித்துத்தான் குவாரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். வருசக்கணக்கில் பொறுமை வேண்டிய வேலை என்றார், முறைப்பாடாக இல்லாமல்.

இனிக் குறைகள். இந்த முற்றத்திலும் இருக்கின்றன. சொன்ன நாளுக்கு லோட் வந்தது பாதித் தரம்தான். கூரைத் தட்டுப் போடுவதற்குப் பத்து ஆளைக் கூப்பிட்டு வைத்த நாளில் சல்லி வரவில்லை. வவுனியாவில் குவாரி மூடிக் கிடந்ததாம், எனக்கு முதல்நாளே சொல்லியிருக்கலாம். அந்த ஒருநாள் கூலி என் தலையில். மாலை ஐந்துக்குப் பிறகு போன் எடுக்க மாட்டார்கள். ஒரு கியூபுக்குக் குறைய அனுப்ப மாட்டார்கள், திருத்த வேலை செய்கிறவர்களுக்கு இது உதவாது. ஒருமுறை சாரதி மணலை ஒழுங்கையை அடைத்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாமி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் அது, ஓட்டோ உள்ளே வரமுடியாமல் போனது. நானும் மகளும் சவளால் அள்ளி வழிவிட்டோம். முதலாளிக்குச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டார், அடுத்த லோட்டுக்கு அவரே கூட வந்து நின்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: பகலில் வரச் சொல்லுங்கோ. இரவில்தான் வரும் என்றால் விட்டுவிடுங்கோ. பெட்டி நிமிர முதல் பெமிற்றைக் கையில் வாங்கி, வாகன இலக்கம், திகதி, நேரம், அளவு நாலையும் பாருங்கோ, போனில் படம் எடுத்து வையுங்கோ. காட்டத் தயங்கினால் காசு கொடுக்க முதல் திருப்பி அனுப்புங்கோ. “எல்லாரும் இப்படித்தான் வாங்கினம் அக்கா” என்று சொல்லுவார்கள். எல்லாரும் வாங்கினபடியால்தான் குன்றில் டிப்பர் நிற்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்க வெட்கப்பட வேண்டாம்.

போன கிழமை கடைசிக் கணக்கைத் தீர்க்கப் போனேன். மிஞ்சின கால் கியூப் ஆற்று மணலை ஒழுங்கை முகப்பு வீட்டுக்காரர் கிணற்றுக்கட்டுப் பூசக் கேட்டார், கொடுத்துவிட்டேன். பதின்மூன்று பெமிற்றின் பிரதியையும் காணி உறுதி, வீட்டுப் பிளான், பிரதேச சபை அனுமதி இருக்கிற அதே பைலில் வைத்தேன். மகள் பார்த்துவிட்டு, “அம்மா, மணல் பில்லை எல்லாம் என்னத்துக்கு உறுதியோட வைக்கிறீங்கள்?” என்று கேட்டாள். முதல் லோட்டுக்கு வைக்க ஒன்றுமில்லை என்று சொன்னேன். அந்த இடத்தில் திகதியை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.